வியாழக்கிழமை மட்டும் ஒழுங்காகக் கிளம்பும் கார்

கேள்வி: அண்ணா, வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன், ஒன்பது வருடப் பழசு, ஒரு சாவிதான் கொடுத்தார்கள். ஐப்பசியில் பனி இறங்கியதிலிருந்து காலையில் ஏழரை, எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது மக்கர் செய்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. சில நாள் பிடித்து இரண்டு நொடியில் அணைந்துவிடும். மீட்டரில் சாவிப் படம் போட்ட சிவப்பு லைட் மினுக்குகிறது. பத்துத் தடவை போட்டால் பதினோராவது தடவை ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மாலையில் தொல்லை இல்லை. வியாழக்கிழமை லீவு, அம்மாவைச் சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். அன்று விடியற்காலை ஐந்தரைக்கே எடுப்பேன், அன்று மட்டும் ஒரே அடியில் கிளம்பிவிடும், சாமி புண்ணியம். மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்து ஈசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டராம்) போய்விட்டது, முப்பதாயிரம் ஆகும் என்கிறார் (அதையும் என்னிடம் சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்கிறார்). பக்கத்து எஸ்டேட் டிரைவர், இம்மொபிலைசரை (திருட்டுத் தடுப்புப் பூட்டாம்) கட் பண்ணி டைரக்டாகக் கொடுத்துவிடலாம் என்கிறார். இது பனியால் வருவதா? ஆபீஸ், குடோன், ஆயுத பூஜைக்கு வாங்கிய புது ஜீப் என்று எல்லாச் சாவியும் கார் சாவியோடு ஒரே கொத்தில் என்னிடம்தான் இருக்கும், நான் போய்த் திறந்தால்தான் வேலை ஆரம்பிக்கும், தினமும் லேட்டாகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: ஈசிஎம் மாற்ற வேண்டாம். இந்த வாரம் யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என்னவென்று தெரியாமலேயே நோயின் காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் பனியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் மேலிருந்து வருகிற எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். என் மெக்கானிக் கடை சேலம் கோரிமேட்டுப் பக்கம், ஏற்காடு ரோட்டின் மேலேயே இருப்பதால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற வண்டிகளில் பாதி என் கண் முன்னால்தான் போகும். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஹார்ன் அடிக்கவில்லை என்றாலும் பனி, வைப்பர் ஓடவில்லை என்றாலும் பனி. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பாருங்கள். வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, பக்கத்து மரம்கூடத் தெரியாத பனியில், ஒரே அடியில் கிளம்புகிறது. மற்ற நாளில் ஏழரை, எட்டு மணிக்கு, கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகு கிளம்ப மாட்டேன் என்கிறது. ஐந்தரை மணிப் பனி ஆகும், எட்டு மணிப் பனி ஆகாது என்று ஒரு வண்டி இருக்க முடியாது. ஆகவே வியாழக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் வேறு ஏதோ ஒன்று மாறுகிறது. மாலைக்கும் காலைக்கும்கூட அதே ஒன்றுதான் மாறுகிறது என்பது என் கணக்கு.

அந்தச் சிவப்பு லைட் இருக்கிறதே, அதுதான் இந்த விஷயத்தில் பெரிய சாட்சி. உங்கள் கார் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. சில சாவியில் அரிசி மணி அளவு கண்ணாடிக் குழாயாக இருக்கும், சில சாவியில் கருப்பாக ஒரு சின்னக் கட்டி, பென்சில் முனை உடைந்து விழுந்த மாதிரி. அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடுகிற துவாரத்தைச் சுற்றி, வெளியே தெரியாமல், மயிரிழை போன்ற செப்புக் கம்பி சுற்றிய ஒரு வளையம் உட்கார்ந்திருக்கும், நாங்கள் காயில் என்போம். சாவியை ஆன் செய்தவுடன் அந்தக் காயில் சாதாரணமாக 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்த அலையை விடும், அந்த அலையிலேயே சிப்புக்குக் கொஞ்சம் கரண்ட் கிடைக்கும், அந்தக் கரண்டில் சிப் தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியாக இருந்தால் ஈசிஎம் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் விடும். இல்லையென்றால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. சில கம்பெனி வண்டியில் ஒரு நொடி, இரண்டு நொடி ஓடவிட்டு அப்புறம் அணைக்கும், வேறு சிலதில் செல்ஃபே அடிக்க விடாது. இதற்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர், ஐரோப்பாவில் 1998-லிருந்து புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கிய விஷயம் இது, நம் ஊரிலும் இப்போது சின்னக் கார் வரைக்கும் வந்துவிட்டது.

நிறையப் பேர் இதையும் ரிமோட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ரிமோட் கதவைத் திறக்க, அதற்கு உள்ளே பொத்தான் பேட்டரி உண்டு. அந்த பேட்டரி செத்தாலும் சிப் வேலை செய்யும், சாவி போட்டுத் திருகுகிற வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆகவே ரிமோட் பேட்டரி மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நூறு ரூபாயோடு போகட்டும், மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் தொல்லை அதனால் தீராது.

இனி உங்கள் கொத்து. ஆபீஸ் சாவி, குடோன் சாவி எல்லாம் வெறும் பித்தளையும் இரும்பும், பெரிய தொந்தரவு செய்யாது. கனமான இரும்பு வளையம் காயில் வாய்க்கு ஒட்டிக்கொண்டு தொங்கினால் சிக்னலைக் கொஞ்சம் தின்னும், அவ்வளவுதான். ஆனால் புது ஜீப் சாவி? இப்போது வருகிற ஜீப்பில் முக்கால்வாசிக்குச் சிப் வைத்த சாவிதான். நீங்கள் கார் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருகும்போது ஜீப் சாவி அதே வளையத்தில் தொங்கிக்கொண்டு காயிலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டரில் ஆடிக்கொண்டிருக்கும். காயில் அலை விட்டதும் இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும். ஈசிஎம்முக்குக் கேட்பது கார் எண்ணும் இல்லை, ஜீப் எண்ணும் இல்லை, சந்தைக் கூச்சல். தெரியாத சாவி என்று முடிவு கட்டி லைட்டை மினுக்கவிட்டுப் பூட்டிவிடும். பதினோராவது தடவை ஏன் கிளம்புகிறது? எரிச்சலில் நீங்கள் திருகுகிற திருகில் கொத்து சுழன்று ஜீப் சாவி கீழ்ப்பக்கம் தொங்கிவிட்டிருக்கும், அல்லது கை அதை விலக்கிப் பிடித்திருக்கும்.

மாலையில் தொல்லை இல்லை என்கிறீர்கள். மாலையில் ஜீப் ஆட்களை இறக்கிவிடப் போயிருக்கும், சாவி டிரைவரிடம் இருக்கும், சரியா? வியாழக்கிழமை நீங்கள் லீவு என்பதால் புதன் இரவு ஜீப் சாவி உங்கள் வீட்டுக்கு வந்திருக்காது. தொல்லை ஐப்பசியில் ஆரம்பித்தது, ஜீப் ஆயுத பூஜைக்கு வந்தது. பனியும் ஜீப்பும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்ததால் பழி பனி மேல் விழுந்துவிட்டது. டிரைவர் சமாசாரம் என் ஊகம்தான், நீங்கள்தான் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

நாளைக் காலையில் இதைச் செய்து பாருங்கள். கார் சாவியைக் கொத்திலிருந்து தனியாகக் கழற்றுங்கள். கொத்தைப் பக்கத்துச் சீட்டில்கூட வேண்டாம், பின் சீட்டில் போடுங்கள். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பிச் செல்ஃப் அடிக்காமல் லைட்டைப் பாருங்கள். எரிந்து இரண்டு மூன்று நொடியில் அணைந்துவிட்டால் சாவியை வண்டி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், பெரும்பாலான வண்டியில் இப்படித்தான், உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அணையாமல் நின்றாலோ படபடவென்று மினுக்கினாலோ ஏற்கவில்லை, அப்போது செல்ஃப் அடித்துப் பிரயோஜனமே இல்லை, பேட்டரிதான் சாகும். சாவியை வெளியே எடுத்து அரை நிமிஷம் விட்டு மறுபடி போடுங்கள். (வண்டியைப் பூட்டி நிறுத்தியிருக்கும்போது மெதுவாக, இரண்டு மூன்று நொடிக்கு ஒரு தடவை மினுக்குவது வேறு, அது காவல் விழித்திருக்கிறது என்று சொல்வது. அதைப் பார்த்துப் பயந்து ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் போட்டவர்கள் உண்டு.)

தனிச் சாவியில் நாலு நாள் தொடர்ந்து ஒரே அடியில் கிளம்பினால் கதை முடிந்தது. முப்பதாயிரம் மிச்சம். நம்பிக்கை வரவில்லை என்றால் ஐந்தாவது நாள் வேண்டுமென்றே ஜீப் சாவியைக் கார் சாவித் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆன் செய்து பாருங்கள். லைட் மினுக்கினால் அதைவிடப் பெரிய ஸ்கேன் ரிப்போர்ட் உலகத்தில் இல்லை.

ஒருவேளை தனிச் சாவியிலும் மினுக்குகிறது என்று வையுங்கள். அப்போது நான் அடுத்துப் போவது பேட்டரிக்கு. எஸ்டேட்டுக்குள் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு மூன்று நாலு கிலோமீட்டர் இருக்குமா? அந்த ஓட்டத்தில் பேட்டரி இழந்ததை ஆல்டர்னேட்டர் திருப்பித் தருவதற்குள் நீங்கள் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். இதில் தினமும் பத்துத் தடவை செல்ஃப். குளிரில் பேட்டரியின் தெம்பு குறையும், பனிக்கு இந்த வழக்கில் இருக்கிற ஒரே பங்கு இதுதான். வோல்டேஜ் ரொம்ப விழுந்தால் செல்ஃப் சுற்றுவது போலவே இருக்கும், ஆனால் ஈசிஎம்மும் இம்மொபிலைசரும் அந்த நொடியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தடுமாறும். ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பானெட்டைத் திறந்து பேட்டரி மேல் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். வேறு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி அந்த நேரத்தில் பாருங்கள், 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிதான் சந்தேகம். வயது நாலைந்து ஆகியிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயர், பாடியில் போல்ட் போட்டிருக்கிற இடத்தில் துரு ஏறித் தளர்ந்திருக்கும். ஏற்காட்டு ஈரத்துக்கு இது சகஜம், கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இம்மொபிலைசர் ரீசெட் ஆகும் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. ஆகாது. சாவி எண்கள் கரண்ட் போனாலும் அழியாத மெமரியில் இருக்கின்றன, அழிந்தால் அப்புறம் என்ன திருட்டுத் தடுப்பு.

அதுவும் சரியாக இருந்தால் செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதுதான் என்னை உறுத்தும். முந்தைய ஓனர் வெளியில் ஒரு அலாரம், சென்ட்ரல் லாக் போட்டிருப்பார். டேஷ்போர்டில் கம்பெனி வைக்காத ஒரு குட்டி எல்இடி ஒட்டியிருக்கிறதா, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒளித்து வைத்த ஒரு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கோ தவணைக்கோ ஓடிய வண்டியாக இருந்தால் ஜிபிஎஸ் டிராக்கர் ஒன்று இன்ஜின் கட் ரிலேயோடு (தூரத்திலிருந்து இன்ஜினை அணைக்கிற ஸ்விட்ச்) இருந்திருக்கும். டிராக்கரைப் பிடுங்கியிருப்பார்கள், ரிலேயை அப்படியே விட்டிருப்பார்கள். இதையெல்லாம் போடுகிறவர்களில் பலர் இக்னிஷன் ஒயரை வெட்டி, முறுக்கி, கருப்பு டேப் சுற்றிவிட்டுப் போவார்கள். அந்த டேப் வருடம் ஆக ஆகப் பிசின் விட்டு நழுவும், உள்ளே செம்பு பச்சை ஏறும், ஈரக் காலையில் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஆனால் வெளி அலாரம் இன்ஜினை வெட்டினால் கம்பெனிச் சாவி லைட் மினுக்க வேண்டிய அவசியம் இல்லை, உங்களுக்கு மினுக்குகிறது, அதனால் இதை இரண்டாவது வரிசையில் வைக்கிறேன். எலியையும் மறக்க வேண்டாம். காபித் தோட்டத்து எலிக்கு பானெட்டுக்குள் இருக்கும் சூடு ரொம்பப் பிடிக்கும், பேட்டரித் தட்டில் புழுக்கை கிடந்தால் ஒயரைத் தடவிப் பாருங்கள்.

கடைசியாகக் காயில். ஸ்டீயரிங் தண்டின் கீழ் மூடியில் இரண்டு மூன்று ஸ்க்ரூ, கழற்றினால் சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கருப்பு வளையம், அதிலிருந்து ஒரு சின்ன கனெக்டர். போன மழைக்காலத்தில் மேலிருந்து ஒருவர் வண்டியை டோ பண்ணிக் கொண்டு வந்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெடல்களுக்கு நடுவே படுத்து அந்தக் கனெக்டரை இழுத்தேன், ஒரு பின் மட்டும் மயில்கழுத்துப் பச்சையில் இருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை மாட்டிக் கழற்றினேன், லைட் அணைந்தது. கால் மணி நேர வேலை. டோ வண்டிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட என் கூலி இல்லை, அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சிப்பே கெடுவது அபூர்வம், தொலைவதுதான் அதிகம். சாவிக் கூடு உடைந்துவிட்டது என்று ஆன்லைனில் புதுக் கூடு வாங்கி, பட்டன் போர்டை மட்டும் எடுத்து மாட்டிவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் போடுவார்கள். சிப் தனியாக அந்தப் பழைய கூட்டின் மூலையில் ஒட்டியிருக்கும். கதவு திறக்கும், செல்ஃப் சுற்றும், வண்டி மட்டும் ஓடாது. குப்பை வண்டி வருவதற்குள் ஓடிப்போய்த் தேடி எடுத்து வந்தவரை எனக்குத் தெரியும். உங்களுக்குக் கொடுத்த சாவியின் கூடு புதுசாகப் பளபளவென்று இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். நம் ஊர்ச் சாவிக்காரர்கள் வெட்டித் தருகிற நூறு இருநூறு ரூபாய் டூப்ளிகேட்டும் இதே கதைதான், இரும்பு திரும்பும், சிப் இருக்காது.

இனி ஈசிஎம். மெக்கானிக் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேனரில் இம்மொபிலைசர் தொடர்பு என்றோ சாவி அடையாளம் என்றோ ஒரு பிழைக் குறியீடு வந்திருக்கும், அவர் அதை ஈசிஎம் என்று படித்துவிட்டார். வலி எங்கே என்று ஸ்கேனர் சொல்லும், யார் அடித்தார்கள் என்று சொல்லாது. ஈசிஎம் செத்தால் பெரும்பாலும் செத்ததுதான். திங்கள் காலை எட்டு மணிக்குச் செத்து எட்டே காலுக்கு உயிர் வந்து வியாழக்கிழமை விரதம் இருக்கிற ஈசிஎம்மை நான் பார்த்ததில்லை. இதைவிட முக்கியமான விஷயம், வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஈசிஎம்மைக் கொண்டுவந்து மாட்டினால் அது அந்த வண்டிச் சாவியைத்தான் தேடும், உங்கள் சாவியை ஏற்காது. சாவியையும் அதையும் மறுபடி ஜோடி சேர்க்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. முப்பதாயிரத்தில் இது சேருமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் மூலமாக இல்லை, நீங்களே கேளுங்கள், வண்டியை ஓட்டுகிறவர் நீங்கள், எந்த நாளில் எப்படி மினுக்குகிறது என்று தெரிந்தவரும் நீங்கள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையில் சொல்கிறேன்.

எனக்கும் இந்த அவசரம் ஒரு காலத்தில் இருந்தது. கடை போட்ட புதிதில் இதே மாதிரி பிடித்து அணைகிற ஒரு வண்டிக்குப் பெட்ரோல் பம்ப் என்று முடிவு கட்டி, டேங்கை இறக்கிப் பம்ப் மாற்றி, இரண்டு நாள் கழித்து அதே மாதிரி அணைந்தது. லைட்டை நான் பார்க்கவே இல்லை. பம்ப்புக்கான காசை என் கையிலிருந்து போட்டேன். அன்றிலிருந்து ஸ்டார்ட் ஆகாத வண்டி எது வந்தாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் மீட்டரைத்தான் பார்க்கிறேன். லைட் ஒழுங்காக அணைந்து, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் திருட்டுத் தடுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பம்ப், இன்ஜின் சுற்றுவதைப் பார்க்கிற கிராங்க் சென்சார் என்று வேறு பக்கம் போக வேண்டும். ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி உய்ங் என்று பம்ப் சத்தம் கேட்கிறதா என்பது நல்ல ஆரம்பம்.

பக்கத்து எஸ்டேட் டிரைவர் சொன்ன டைரக்ட் சமாசாரம். ஒயரை வெட்டி இணைப்பதால் இப்போதைய வண்டியில் அது நடக்காது, பூட்டு ஈசிஎம்முக்குள் மென்பொருளாக இருக்கிறது. லேப்டாப் வைத்து அந்தப் பகுதியை அணைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். நான் செய்வதில்லை. அப்படி அணைத்துவிட்டால் திருடன் ஒரு ஸ்க்ரூ டிரைவரில் பூட்டை உடைத்தால் போதும், உங்கள் வண்டி கிளம்பிவிடும். திருடு போனால் இன்சூரன்ஸ்காரர் இரண்டு சாவியையும் கேட்பார், உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு மேல் பூட்டையும் அணைத்து வைத்திருந்தீர்கள் என்று தெரிந்தால் க்ளெய்மில் எத்தனை கேள்வி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன், மலையில் இருப்பதால். ஸ்டார்ட் ஆகவில்லை என்று சரிவில் தள்ளிவிட்டுக் கியர் போட்டு எடுக்க யாராவது வந்தால் விடாதீர்கள். சாவியை ஏற்காதபோது ஈசிஎம் பெட்ரோல் விடாது, எவ்வளவு உருண்டாலும் பிடிக்காது. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு இருக்கிற வேக்கம் உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல் மாதிரி. பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. பதற்றத்தில் சாவியைப் பிடுங்கினால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும். நாகலூர் ரோட்டுச் சரிவில் இதை நினைத்துப் பார்க்கவே எனக்கு வயிறு கலங்குகிறது. நின்ற இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு ஒரு கல் வைத்து, சாவியோடு பொறுமையாகப் பேசுங்கள். செல்ஃபும் ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம்.

பட்டன் அமுக்கி ஸ்டார்ட் செய்கிற வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு வரி: உங்களுக்கு மட்டும் ரிமோட் பேட்டரி முக்கியம். அது செத்துவிட்டால் ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பிரேக் மிதித்து அமுக்குங்கள், பல வண்டியில் கிளம்பும், சிலவற்றில் ரிமோட் வைக்கத் தனி இடம் இருக்கும். ரிமோட்டையும் செல்போனையும் ஒரே பாக்கெட்டில் ஒட்டி வைக்காதீர்கள்.

உங்களுக்கு நான் செலவு வைக்கப் போவது ஒன்றே ஒன்றுதான், இரண்டாவது சாவி. இருக்கிற ஒரு சாவி உயிரோடு இருக்கும்போது இன்னொன்றை ஸ்கேனரில் சேர்ப்பது சுலபம், சில ஆயிரத்தில் முடியும். அந்த ஒன்றும் தொலைந்த பிறகு என்றால் செலவும் அலைச்சலும் பல மடங்கு. சேர்க்கும்போது இந்த வண்டிக்கு இதுவரை எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், நிறைய வண்டியில் காட்டும். இரண்டு மூன்று என்று வந்தால் மற்றது யார் கையில் இருக்கிறது? பழைய பதிவை எல்லாம் அழித்துவிட்டு உங்கள் இரண்டை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். ஆர்சி புத்தகத்தையும் உங்கள் அடையாள அட்டையையும் கேட்காமல் சாவி போட்டுத் தருகிற கடையாக இருந்தால் அங்கே போட வேண்டாம், நாளைக்கு உங்கள் வண்டிக்கும் அப்படித்தான் வேறு யாருக்கோ போட்டுத் தருவார்.

சரி, நாளையிலிருந்து கார் சாவி தனி வளையத்தில். டிரைவர் விஷயத்தில் நான் ஊகித்தது சரியா, தனிச் சாவியில் லைட் எத்தனை நொடியில் அணைந்தது, காலை வோல்டேஜ் என்ன, இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அப்புறமும் மினுக்கினால் அடுத்த வியாழன் ஆஸ்பத்திரியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு வண்டியோடு கோரிமேட்டுக்கு வாருங்கள், காயிலைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன். வரும்போது டிரைவரிடம் கேட்டு அந்த ஜீப் சாவியையும் ஒரு நாள் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஆனால் பின் சீட்டில் போட்டு.